கவனம் அளக்கிற அறையில் என் பேத்தி

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் யாராவது 'கவனம் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால், பயப்படுவதற்கு முன்னால் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு இதைப் படியுங்கள். நான் சொல்கிறேன், என் மருமகள் செல்வி எழுதுகிறாள். பன்னிரண்டாவது படித்தவள் என்பதால் என் பேச்சைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துத்தான் எழுதுவாள். ஆனால் என்னைப் பற்றி மோசமாக வருகிற இடங்களில் மட்டும் அவள் பேனா வேகமாக ஓடுகிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்களுக்குக் கீரமங்கலம் பக்கம். கொஞ்சம் பூக்கொல்லை உண்டு. மகன் முருகேசன் சவூதியில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு ஒரே பிள்ளை, யாழினி. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. செல்போனில் தேடி வைத்த பெயர். என் நாக்குக்கு அந்த ழ வராது, ஆகையால் எனக்கு அவள் யாளினி. அவசரத்துக்கு யாளி. கோயில் தூணில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான்.

போன ஆவணியில் பள்ளிக்கூடத்து டீச்சர் செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார். போர்டைப் பார் என்றால் ஜன்னலைப் பார்க்கிறாளாம். எழுந்து வாசி என்றால் அப்படியே உறைந்துபோய் நிற்கிறாளாம். ஒரு நிமிஷம் கழித்துத்தான் இந்த உலகத்துக்கு வருகிறாளாம். கண் டாக்டர், காது டாக்டர் இரண்டு பேரும் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் டாக்டர்தான் குண்டைப் போட்டார். கீழே விழாமல், கை கால் இழுக்காமல், சில நொடிகள் மட்டும் பிள்ளை வெறித்துப் பார்க்கிற ஒரு வகை வலிப்பு உண்டாம். அதுவா இல்லையா என்று தலையில் வயர் வைத்துப் பார்த்துவிடுங்கள், அப்படியே கவனத்தையும் அளந்து பாருங்கள் என்று புதுக்கோட்டைக்கு எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு மகன் போனில் பேசினான்.

"ஆத்தா, அடுத்த மாசக் கடைசில லீவுக்கு வாரேன். வலிப்பா இருந்தா வைத்தியம் பாப்போம். இல்லைன்னா அவளத் திருச்சி ஹாஸ்டல்ல விட்டுட்டுத்தான் பிளேன் ஏறுவேன். பேசி வச்சிட்டேன்."

"ஒம்பது வயசுப் பிள்ளடா. தலை சீவிக்கவே தெரியாது."

"அங்க அடிச்சாவது படிக்க வச்சிருவாங்க. இங்க யாரு அவளப் பாக்குறா? செல்விக்குப் பூப்பறிக்கவே நேரம் பத்தல. அவ வீட்டு வழியும் அப்படி. அவ தம்பி பத்தாவத மூணு தடவ எழுதுனவன். ஒன்னையத்தான் ஒங்கப்பா பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்புனாரு. என் மவளுக்கும் அந்தக் கதியா?"

ஆட்டுக் கதை வந்தால் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் மூடிக்கொண்டேன்.

முதல் தடவை நானும் யாளியும் மட்டும்தான் போனோம். முல்லை பறிப்பு மும்முரமாக இருந்ததால் செல்வியால் வர முடியவில்லை. ஆலங்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஓ.பி. சீட்டு எழுதுகிற தம்பி தலையைத் தூக்காமலே கேட்டான்.

"பிள்ளைக்கு என்ன பாட்டி?"

"கவனம் இல்லைங்களாம்."

"எத்தன நாளா?"

"பொறந்ததுலருந்து என்னைய நல்லாத்தான் கவனிக்குது. பள்ளிக்கூடத்தத்தான் கவனிக்கலயாம்."

அவன் சிரிக்கவில்லை. "டோக்கன் நாப்பத்தி மூணு. அங்கிட்டுப் போயி உக்காருங்க" என்றான்.

அங்கிட்டு என்றால் ஒரு நீளக் கூடம். தரையோடு முடுக்கிய இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், எழுந்தால் இடம் போய்விடும். எல்லா நாற்காலியிலும் ஒரு பிள்ளையும் ஒரு அம்மாவும். ஒரு பையன் ஓடிக்கொண்டே இருந்தான், இன்னொரு பெண் வாயே திறக்கவில்லை. பேசிப் பார்த்தால் எல்லோர் கையிலும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிய காகிதம். பக்கத்தில் இருந்த கறம்பக்குடிக்காரி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, தன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை யாளி கையில் வைத்தாள். "நாங்க நாலாவது தடவைக்கா. மொதத் தடவதான் வயித்தக் கலக்கும். அப்பறம் இடுப்பு மட்டுந்தான் வலிக்கும்" என்றாள். அந்தக் கூடத்தில் நான் கேட்ட உருப்படியான வைத்தியம் அதுதான்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா பார்த்தார். பிள்ளையிடம் பேசினார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார், தலைக்கும் கவனத்துக்கும் பத்து நாள் கழித்துத் தேதி போட்டார். அந்த டெஸ்ட் எடுக்கிற அறையில் மெஷின் பார்க்கிற பெண் ஷமீமா. மீமிசல் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். என் கையில் ஒரு அச்சடித்த சீட்டைக் கொடுத்தாள். பின்னாலேயே நாலு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதப் படிச்சுப் பாத்து அதுபடி வாங்க பாட்டி. அன்னிக்கு நல்லா கவனிச்சுப் பாக்கணும்."

நான் தலையை ஆட்டிவிட்டு சீட்டை பர்ஸுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாளும் செல்வி விடிவதற்கு முன் கொல்லைக்குப் போய்விட்டாள். பிள்ளையைக் கிளப்புவது என் வேலை. பெரிய டாக்டரிடம் கூட்டிப்போகிற பிள்ளை பரட்டைத் தலையோடு போகலாமா? ஒரு கை நிறைய நல்லெண்ணெய் வைத்து, தேய்த்து, வழித்து, இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினேன். தலையில் முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. கையில் ஒரு சீப்புப் பூவம்பழமும் ஒரு பந்து மல்லிகையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்றால், எங்கள் பக்கம் ஆபீஸில் யாராவது 'கவனிங்க' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் பெண் 'நல்லா கவனிச்சு' என்று வேறு அழுத்திச் சொல்லியிருந்தாள்.

"இதெல்லாம் என்ன பாட்டி?"

"கவனிக்கணும்னு சொன்னீங்களே தாயி."

ஷமீமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்க பேத்தியோட கவனத்தப் பாக்கணும்னு சொன்னேன் பாட்டி, என்னையக் கவனிங்கன்னா சொன்னேன்?" என்று பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பூவை மட்டும் கொஞ்சம் கிள்ளி மேசையில் வைத்துக்கொண்டாள். பிறகு யாளியின் ரிப்பனை அவிழ்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு பாட்டி இம்புட்டு எண்ணெய வச்சது? தலைக்கு ஷாம்பு போட்டுட்டு எண்ணெ வைக்காம வரணும்னு சீட்டுல இருந்துச்சே?"

"இவ அம்மாதாங்க. சொன்னாக் கேக்க மாட்டா."

யாளி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் கொட்டாமல், நான் பார்வையை நகர்த்துகிற வரை பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கா கவனம் இல்லை?

ஷமீமா பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பசை வைத்து ஒட்டுகிற பொத்தான்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. மெஷினில் வந்த கோடு, மழைக்காலத்து வரப்பில் ஓடுகிற நண்டு மாதிரி கோணலும் மாணலுமாக ஓடியது. "இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாட்டி" என்று இரண்டு டெஸ்டுக்கும் சேர்த்து வேறு தேதி போட்டாள். மூன்று வாரம் கழித்து. மகன் வந்து இறங்குவதற்கு நாலே நாள் முன்னால். அதுவும் தவறினால், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விடும்.

வீட்டில் செல்வி சீட்டைப் பிரித்தாள். "அத்த, மொத வரிலேயே போட்டுருக்கே?"

"அப்படியா? கண்ணு மங்கலா இருந்துச்சுடி."

சுளகில் கிடக்கிற நெல்லில் கல்லைப் பொறுக்குகிற கண் என்னுடையது. அது செல்விக்கும் தெரியும். சீட்டை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் பயணத்துக்கு மூன்று பேரும் போனோம். யாளியின் தலை தென்னம்பாளை மாதிரி சிலுப்பிக்கொண்டு நின்றது. அந்த வயர் வைக்கிற டெஸ்டுக்கு ஈ.ஈ.ஜி. என்று பெயர். பயப்படாதீர்கள், ஊசி கிடையாது. கரண்ட் உள்ளே போவதும் கிடையாது. தலைக்குள் எப்போதும் துளித்துளியாக ஓடிக்கொண்டிருக்கிற கரண்டை வெளியே இருந்து எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கண்ணை மூடு, திற, பெருமூச்சு விடு என்கிறார்கள். ஒரு விளக்கை மினுக்கு மினுக்கு என்று அடிக்கிறார்கள். பிள்ளை சும்மா படுத்திருக்க வேண்டும். முடிந்து டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வலிப்பு மாதிரி எதுவும் தெரியல" என்றார். செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. வலிப்பு இல்லை என்றால் ஹாஸ்டல் என்றுதானே அவன் சொல்லியிருந்தான்.

அடுத்து கவனத்தை அளக்கிற அறை. நெஞ்சில் மூன்று வட்ட ஒட்டு, இரண்டு விரலில் மோதிரம் மாதிரி ஒரு பட்டை, முன்னால் ஒரு டி.வி. நெஞ்சு ஒட்டு இதயத்துடிப்பை எழுதும். விரல் பட்டை வேர்வையைப் பார்க்கும். கண்ணுக்குத் தெரிகிற வேர்வை இல்லை, மனசு திடுக்கென்றால் விரல் நுனியில் கசியுமே, அந்தத் துளி. டி.வி.யில் முதலில் ஒரு நட்சத்திரம் வரும். சில நொடி கழித்து ஒரு பலூன் வரும். பலூன் வந்ததும் பிள்ளை பித்தானை அமுக்க வேண்டும்.

நான் மெஷினில் ஓடுகிற நெஞ்சுத் துடிப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் வந்ததும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் இடைவெளி கூடியது.

"அடி ஆத்தே, நெஞ்சு நிக்கப் பாக்குதே!"

"நிக்கல பாட்டி, கத்தாதீங்க. எதையாச்சும் உன்னிப்பா எதிர்பாத்தா நெஞ்சு கொஞ்சம் நிதானமா அடிக்கும். பூன எலிக்குப் பதுங்கும்ல, அது மாதிரி. கவனம் வருதுன்னு அர்த்தம்."

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் என் பேத்தியின் நெஞ்சு பதுங்கியது. ஒவ்வொரு பலூனையும் பிடித்தாள். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. ஷமீமா முறைத்தாள்.

பிறகு பலூனுக்குப் பதில் வார்த்தை வந்தது. சின்னச் சின்ன வார்த்தைதான். முதல் வார்த்தை வந்ததுமே விரல் கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறியது. நெஞ்சு தடதட என்று ஓடியது. அதற்கும் பிறகுதான் அவள் கண் டி.வி.யை விட்டு நகர்ந்து ஜன்னல் பக்கம் போனது. முதலில் கை வேர்த்தது, அப்புறம்தான் கண் ஓடியது. டீச்சர் பார்த்தது ஜன்னலை மட்டும். வேர்வையைப் பார்க்க அவரிடம் என்ன மெஷினா இருக்கிறது?

பக்கத்து அறையில் வாசிப்பைச் சோதிக்கிற இன்னொரு அம்மா ஒரு மணி நேரம் யாளியை வாசிக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் கதை கேட்கச் சொல்லியும் பார்த்தார். எல்லாக் காகிதமும் டாக்டரம்மா மேசைக்குப் போனது.

"இந்த மெஷின் சாட்சிதாம்மா சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, பிள்ளைக்குப் புத்தி நல்லாருக்கு. கவனமும் வருது. எழுத்தக் கோத்து வாசிக்கிறதுலதான் கஷ்டம். எழுத்தக் கண்டதும் பயந்துபோயி கவனம் சிதறுது. இது சோம்பேறித்தனம் இல்ல, வளப்பும் காரணம் இல்ல. சில குடும்பத்துல வழிவழியா வரும். ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் வாசிக்க வராம இருந்துச்சா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "என் தம்பி பத்தாவதுல மூணு தடவ..."

"வாசிக்க வராதா?"

"பேப்பரெல்லாம் வாசிப்பான். கணக்குலதான் போயிரும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க பாட்டி?"

"எங்கப்பா ஆடு மேய்க்க அனுப்பிட்டாரும்மா" என்றேன். அறுபது வருஷமாகச் சொல்லி வழவழப்பாகிப்போன பதில். அவர் எதையோ எழுதிக்கொண்டு, ரிப்போர்ட் அடித்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்று வெளியே அனுப்பினார்.

மறுபடியும் அதே இரும்பு நாற்காலி. யாளி களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போனாலும் நான் அசையவில்லை. செல்வி சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"வழியா வரும்னு சொல்லிட்டாங்களே அத்த. ஒங்க வீட்டு வழிதான்னு சொல்லிருவாரு. பிள்ளையத் தூக்கிட்டுப் போயி ஹாஸ்டல்ல விட்டுருவாரு."

அவள் எழுதட்டும், நான் சொல்லிவிடுகிறேன். என் அப்பா என்னை ஆடு மேய்க்க அனுப்பவில்லை. தினமும் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர். ஸ்லேட்டை அவரே கோவையிலை வைத்துத் துடைத்துக் கொடுப்பார். எனக்குத்தான் எழுத்து நிற்கவில்லை. இரண்டாம் வகுப்பில் இரண்டு வருஷம், மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷம். அப்புறம் பள்ளிக்கூடம் என்றாலே வாந்தி எடுத்தேன். ஒருநாள் பாதி வழியில் சைக்கிளைத் திருப்பினார். ஊரார் கேட்டபோது, "ஆடு பாக்க ஆளில்ல, நாந்தான் நிறுத்திட்டேன்" என்றார். மக்கு என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவர் சொன்ன பொய் அது. நான் அதையே பிடித்துக்கொண்டேன். அவர் செத்த பிறகும் விடவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த என் மகன்தான் இப்போது பிள்ளையை ஹாஸ்டலுக்கு இழுக்கிறான்.

யாளியை மெல்லச் செல்வி மடியில் சாய்த்துவிட்டு எழுந்தேன். டாக்டர் அறை வாசலில் நின்ற ஆள் மறித்தான்.

"பாட்டி, டோக்கன்?"

"அறுபது வருசமாக் கைல வச்சிருக்கேன் தம்பி, உள்ள விடு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "இதச் சொன்னது ரொம்ப உபயோகம் பாட்டி" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தார். மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை. வாரம் இரண்டு நாள் தனியாக வாசிப்புப் பழக்கும் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், பரீட்சையில் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டலாம், கூடுதல் நேரம் கொடுக்கலாம், அடிக்கவே கூடாது. பிள்ளை வீட்டோடு இருப்பது நல்லது என்பதையும் நான் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மகனே கூப்பிட்டான். போனில் அவன் முகம் தெரிந்தது. யாளி பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"வலிப்பு இல்லடா" என்றேன்.

"அப்ப ஹாஸ்டலுக்கு..."

"கேளுடா மொதல்ல. இது செல்வி வீட்டு வழி இல்ல. என் வழி." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சைக்கிள் உட்பட. மூச்சு வாங்கியது.

 போன் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"ஆத்தா, ஒங்கப்பா ஒன்னையப் படிக்க விடலைன்னுதானே அவரு சாவுல தோள் குடுக்காமத் தள்ளி நின்னேன் நான்."

"தெரியும்டா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவாச்சும் சொல்லிருக்கணும், சொல்லல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஹாஸ்டலுக்கு வரலைன்னு சொல்லிர்றேன். செல்விகிட்டக் குடு."

செல்வி போனை வாங்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. அவளும் அதை இங்கே எழுத மாட்டாள்.

ஆலங்குடி பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. யாளி ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் என் கையைச் சுரண்டினாள்.

"அப்பத்தா, ஒனக்கு எந்த எழுத்து நிக்காம ஓடும்?"

"கொம்புதான்டி. முன்னால போயி நிக்கும், ஆனாப் பின்னால படிக்கணுமாம். என்ன நியாயம் அது?"

"எனக்கும் கொம்புதான்!" அவள் கத்தியதில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ரெட்டக் கொம்பு இன்னும் மோசம் அப்பத்தா. கொம்பும் போட்டு காலும் போட்டா எனக்கு எல்லாமே ஓடிரும்."

"நான் அது வரைக்கும் போகவே இல்ல."

"வாத்தியார் எந்திரிச்சு வாசின்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"அவரச் சிரிக்க வச்சிருவேன். கிளாஸே சிரிக்கும். அது அடங்குறதுக்குள்ள மணி அடிச்சிரும்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கவலையாகத் திரும்பினாள்.

"எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாதே அப்பத்தா."

"தெரிய வேணாம்டி. நீ தப்புத்தப்பாவே வாசி, போதும். சிரிக்க வச்சுத் தப்பிக்கிறது ரொம்ப அலுப்பான வேல."